கழுத்து நரம்பு அழுத்தம்: அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா, காத்திருக்கலாமா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் உங்கள் அம்மாவுக்கு வயது 49, சுகர் இருக்கிறது. ஒன்றரை மாதமாக வலப்பக்கக் கழுத்தில் தொடங்கும் வலி தோள்பட்டை, முழங்கை வழியாகக் கட்டைவிரல் வரை இறங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் "சி5-சி6 டிஸ்க் பிதுங்கி வலப்பக்க நரம்பை அழுத்துகிறது" என்று இருக்கிறது. சி5-சி6 என்றால் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகள்; டிஸ்க் என்பது அவற்றுக்கு நடுவிலுள்ள ஜவ்வு. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் மாத்திரையும் கழுத்தை மெதுவாக இழுத்துவிடும் டிராக்‌ஷனும் போதும் என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் கழுத்தைத் திருப்பி நரம்பை எடுத்துவிடும் ஆளிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். இந்த மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை முழுசாகப் படித்தால் உங்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு: காத்திருந்தால் அம்மாவின் கை விளங்காமல் போய்விடுமா? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற மூன்றையும் நீங்களே வரிசைப்படுத்திவிடுவீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். தையல், நெசவு வேலை பார்ப்பவர்களின் கழுத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. அம்மாவின் கையைத் தொட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட்டின் ஒரு வரியை மட்டும் வைத்து "ஆபரேஷன் வேண்டாம்" என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில், இது நிஜமாகவே கழுத்து நரம்பு சமாசாரம்தானா? கழுத்தில் எலும்பு ஏழு, இருபுறமும் வெளியே வரும் நரம்பு எட்டு ஜோடி. ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே வருவது ஆறாவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரலுக்கு உணர்ச்சி தருவதும், முழங்கையை மடக்கி மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளுக்குப் பலம் தருவதும் பெரும்பாலும் அதுதான். ஆக, ரிப்போர்ட் சொல்லும் இடமும் மரத்துப்போகும் விரல்களும் ஒத்துப்போகின்றன. இன்னொரு விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரி வலி தாங்காமல் வலது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு படுத்தால் கொஞ்சம் கண்ணயர்கிறார் என்று. எனக்கு உங்கள் கேள்வியிலேயே பெரிய துப்பு அதுதான். கையைத் தலைமேல் வைத்தால் கழுத்திலிருந்து இறங்கும் நரம்பின் இழுப்பு தளர்கிறது, வலி குறைகிறது. தோள் மூட்டில் கோளாறு என்றால் கையை அப்படித் தூக்கும்போது வலி கூடத்தான் செய்யும்.

அதே சமயம், எம்ஆர்ஐ-யில் பிதுங்கல் தெரிகிறது என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு இருந்தது. தேய்மானம், ஜவ்வு விலகல், நரம்புத் துளை குறுக்கம் எல்லாம் 49 வயதுக்காரர் யாருக்கு எடுத்தாலும் ஏதாவது ஒரு வரியில் வந்து நிற்கும். ஸ்கேன் சொல்வதும் விரல் சொல்வதும் பரிசோதனையில் கை சொல்வதும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் அந்த ஸ்கேனுக்கு மரியாதை.

சுகர் இருப்பதாலும் தையல் வேலை என்பதாலும் இரண்டு விஷயங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, மணிக்கட்டில் நரம்பு நெருங்குவது. கார்பல் டனல் என்பார்கள். அதிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும், நடுராத்திரி எழுப்பும், சிலருக்கு வலி மேல்நோக்கித் தோள் வரை கூட ஏறும். ஆனால் அதில் கையை உதறினால் இதமாக இருக்கும். கழுத்தை எப்படித் திருப்பினாலும் வித்தியாசம் தெரியாது. முன்கையின் வெளிப்பக்கமும் சேர்ந்து மரத்தால் கழுத்துப் பக்கம் சந்தேகம் கூடுகிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். கழுத்தில் நெருங்கிய நரம்பு மணிக்கட்டிலும் சுலபமாகப் பாதிக்கப்படும் என்று 1973-இலேயே ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டாவது, தோள் இறுகிப்போவது. சுகர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். அம்மாவின் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை நீங்கள் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடது கை திரும்பும் அளவுக்கு வலது கை திரும்பாமல் முட்டி நின்றால், கழுத்தோடு தோளுக்கும் வைத்தியம் தேவை. தோள்பட்டை எலும்புப் பள்ளத்திலும், கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலும் நரம்பு நெருங்குவது உண்டு. ஆனால் அவை அபூர்வம், நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கும் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

இனி உங்கள் உண்மையான கேள்வி. கை விளங்காமல் போகுமா என்பதை வலியின் அளவை வைத்துச் சொல்ல முடியாது. வலி உயிரை எடுக்கும், ஆனால் பலம் முழுசாக இருக்கும், அப்படிப்பட்டவர்களே அதிகம். தலைகீழாக, வலி குறைந்துகொண்டே வரும்போது பலமும் குறைந்தால் அது குணமாவது இல்லை. அதனால் பார்க்க வேண்டியது பலத்தை. வீட்டில் இப்படிச் செய்யுங்கள். அம்மா உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுங்கள், அவர் விடாமல் பிடிக்க வேண்டும். அடுத்து முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் புறங்கையில் அழுத்துங்கள். மூன்றாவது, மடக்கிய முழங்கையை நீட்டச் சொல்லித் தடுத்துப் பாருங்கள். இது ஏழாவது நரம்புக்கு. ஒவ்வொன்றையும் இடது கையோடு ஒப்பிடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலியால் விடுபவர்கள் ஒரு நொடி முழுப் பலத்தோடு தாங்கி, அப்புறம் "அய்யோ" என்று சட்டென்று விட்டுவிடுவார்கள். நரம்பு பலவீனம் என்றால் முதல் நொடியிலிருந்தே கை வழுக்கிக்கொண்டு இறங்கும். வாரம் ஒருமுறை, அதே நாளில், காலண்டரில் குறித்து வையுங்கள். குக்கரைத் தூக்க முடிகிறதா, மாவுச் சட்டி கையிலிருந்து நழுவுகிறதா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

பலம் இடதுக்குச் சமமாக இருந்தால், அல்லது லேசான குறைவு இருந்து கூடாமல் நின்றால், காத்திருக்க நேரம் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் இறங்கினாலோ, மணிக்கட்டையே தூக்க முடியாமல் தொங்கினாலோ காத்திருக்கக் கூடாது. இதைவிடவும் அவசரமானது தண்டுவடமே நெருங்குவது. ஊசியில் நூல் கோர்க்க வராமல் போவது, ஜாக்கெட் கொக்கி மாட்ட விரல்கள் தடுமாறுவது, இரண்டு கைகளும் மரப்பது, நடக்கையில் கால் பின்னுவது, குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடிப்பது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. இதில் எது வந்தாலும் பிசியோதெரபி, டிராக்‌ஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது ஆகியவையும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. அப்புறம், சுகர் இருப்பவர்களுக்கு மாரடைப்பு தோள் வலியாகவோ தாடை வலியாகவோ மட்டும் வரலாம். மாடிப்படி ஏறினால் கூடி, வியர்வையும் மூச்சு வாங்கலும் சேர்ந்து வரும் வலியை "கழுத்து நரம்புதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது காலம் உங்கள் பக்கம்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் 1976 முதல் 1990 வரை இந்த நோய் கண்ட 561 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கால்வாசிப் பேருக்கு, அதாவது 26 சதவீதம் பேருக்கு, அறுவை சிகிச்சை நடந்தது. கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேருக்குத் தொந்தரவே இல்லை, அல்லது லேசாக மட்டும் இருந்தது. குணமாவது எப்படி என்றால், வலிக்குக் காரணம் அழுத்தம் மட்டுமல்ல. பிதுங்கிய டிஸ்க்கிலிருந்து கசியும் பொருட்களால் நரம்பைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. அது தணியும்போதே வலி பாதி இறங்கிவிடும். அதோடு, வெளியே வந்த ஜவ்வை உடம்பின் செல்களே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கும். பெரிதாகப் பிதுங்கியது சிறியதைவிட நன்றாகச் சுருங்குவதும் உண்டு. எலும்பு வளர்ந்து துளை குறுகியிருந்தால் அந்த எலும்பு கரையாது. ஆனாலும் அழற்சி இறங்கி வலி அடங்குவதைப் பார்க்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு நல்ல மாற்றம் முதல் நாலு முதல் ஆறு மாதங்களில் தெரியும். அம்மாவுக்கு ஆகியிருப்பது ஒன்றரை மாதம்.

அப்படியானால் சிகிச்சை எதற்கு? அந்த மாதங்களைத் தூக்கத்தோடு, வேலையை முழுசாக இழக்காமல் கடப்பதற்கு. நெதர்லாந்தில் 205 பேரை வைத்து 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. வலி தொடங்கி ஒரு மாதத்துக்குள் வந்தவர்களில் ஒரு குழுவுக்குக் கழுத்துப் பட்டையும் ஓய்வும், ஒரு குழுவுக்கு பிசியோதெரபி, மூன்றாவது குழு சும்மா காத்திருந்தது. ஆறு வாரத்தில் முதல் இரண்டு குழுவுக்கும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் மூன்று குழுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. என் தொழிலுக்கு எதிராகப் பேசுவதுபோல இருக்கும், ஆனால் அதுதான் உண்மை: நாங்கள் குணமாக்குவதைவிட, குணமாகும்வரை தாங்கவைக்கிறோம். பட்டை போடுவதானால் அந்த ஆய்வில் செய்ததைப் போல மூன்று வாரம் போட்டு, அடுத்த மூன்று வாரத்தில் படிப்படியாகக் கழற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிபவர்களின் கழுத்துத் தசைகள் நோஞ்சானாகி, அது தனிப் பிரச்சினையாகிவிடுகிறது. டிராக்‌ஷனைப் பொறுத்தவரை ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. சிலருக்கு இழுக்கும்போதே கைவலி விட்டுப்போகும். அவர்களுக்கு நான் தொடர்கிறேன். இரண்டு மூன்று தடவையில் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடுகிறேன். பத்து நாள் பேக்கேஜ் கட்டச் சொன்னால் யோசியுங்கள்.

உடற்பயிற்சியில் நான் முதலில் கொடுப்பது மிகச் சின்னது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முகவாயைத் தூக்காமல், தலையை அப்படியே பின்னோக்கித் தள்ளி ஐந்து நொடி வைத்து விடுவது. பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நாலு முறை. செய்யும்போது கழுத்தில் வலி லேசாகக் கூடலாம், பரவாயில்லை. ஆனால் மரப்பு விரலை நோக்கி மேலும் இறங்கினால் அந்தப் பயிற்சி அன்றைக்கு வேண்டாம். வலி கையிலிருந்து பின்வாங்கிக் கழுத்துக்குள் ஒடுங்கினால் சரியான திசையில் போகிறோம் என்று எடுத்துக்கொள்கிறேன். கையை நீட்டி நரம்பை இழுக்கும் பயிற்சி வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது அதைப் பலமாகச் செய்து வலியை ஏற்றிக்கொண்டு வருபவர்கள் அதிகம், இப்போதைக்கு வேண்டாம்.

பயிற்சியைவிட முக்கியம் மிஷின் முன்னால் கழியும் நேரம். கழுத்தை அண்ணாந்தாலோ வலப்பக்கம் திருப்பினாலோ அந்த நரம்புத் துளை இன்னும் குறுகும். நாளெல்லாம் குனிந்தால் தசைகள் இறுகும். எனவே முதலில் கண்ணைச் சோதியுங்கள். 49 வயதில் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடாமல் ஊசிமேல் மூக்கு படுமளவு குனிந்து தைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கண்ணாடி போட்டதும் கழுத்து ஒரு சாண் நிமிர்கிறது. ஆனால் கீழ்ப்பாதியில் மட்டும் பவர் உள்ள கண்ணாடி வேண்டாம். அதில் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும். கம்பெனி ஒத்துக்கொண்டால் மேஜையின் பின்பக்கக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை வைத்து, தைக்கும் தளத்தை லேசாக அவர் பக்கம் சாய்க்கலாம். உயரமான கொடியில் துணி காயப்போடுவது, பரணில் எடுப்பது இரண்டையும் கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது செய்யட்டும். படுக்கும்போது இடப்பக்கம் ஒருக்களித்து, தோளுக்கும் தலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரத்தில் தலையணை, வலது கைக்கு முன்னால் இன்னொரு தலையணை.

மாத்திரைகளில் சுகர்காரர்களுக்குச் சில விஷயங்கள் உண்டு. வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆபத்து. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் எழுதியிருந்தால் தூக்கக் கலக்கம், தலைசுற்றல் வரும், கால் வீங்கலாம். ராத்திரியில் ஆரம்பித்து, எவ்வளவு மந்தமாக இருக்கிறார் என்று பார்த்தபிறகே மிஷினில் உட்காரட்டும். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான். இந்த நோய்க்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. காலுக்கு இறங்கும் இடுப்பு நரம்பு வலியில் 2017-இல் வந்த ஆய்வில் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது மேலாக இருக்கவில்லை. மெத்தில்கோபாலமின், அதாவது பி12 வைட்டமின் மாத்திரை, எல்லாச் சீட்டிலும் இருக்கும். அம்மா வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுப்பவர் என்றால் பி12 அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினால் பி12 குறையலாம், குறைந்தால் அதுவே கை காலை மரக்க வைக்கும். குறைவு இருந்தால் அந்த மாத்திரைக்கு அர்த்தம் உண்டு.

கழுத்தில் ஸ்டீராய்டு ஊசி என்று யாராவது சொன்னால், அதில் சில நாள் சுகர் ஏறும் என்பதோடு இன்னொன்றும் இருக்கிறது. முதுகெலும்புக் குழாய்க்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிகளால் அபூர்வமாகப் பக்கவாதம், பார்வையிழப்பு, மரணம் வரை நேர்ந்திருக்கின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. அபூர்வம்தான், இருந்தாலும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியது.

ஆபரேஷன் சொன்ன டாக்டர் தவறாகச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் பலக்குறைவு எதையாவது கண்டுபிடித்திருக்கலாம். முன்கழுத்தில் சிறு கீறல் போட்டு, டிஸ்க்கை எடுத்து, இரண்டு எலும்புகளையும் இணைக்கும் இந்த ஆபரேஷன் 1950-களிலிருந்து நடக்கிறது. கைவலியை வேகமாகத் தீர்ப்பதில் அதற்கு நிகர் குறைவு. கழுத்து வலி அந்த அளவு நிச்சயமாகப் போகாது, மரப்பு மெதுவாகத்தான் போகும், சிலருக்கு மிச்சமும் இருக்கும். முதல் சில நாள் விழுங்கச் சிரமம், குரல் கம்முவது சகஜம். ஸ்வீடனில் 81 பேரை அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, கழுத்துப் பட்டை என்று பிரித்துச் செய்த ஆய்வு 1997-இல் வந்தது. மூன்று நாலு மாதத்தில் அறுவை சிகிச்சைக் குழு முன்னால் இருந்தது. ஒரு வருடத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் வேறு இடங்களில் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படியே. ஆகவே பலம் குறைந்துகொண்டே போனால், தண்டுவடம் நெருங்கினால், அல்லது மூன்று மாதம் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தும் தூக்கமில்லாத வலி நின்றபடியே இருந்தால் ஆபரேஷன் நியாயமான வழி. வெறும் ரிப்போர்ட்டுக்காக அல்ல.

மூன்றாவது யோசனைக்கு மட்டும் என்னிடம் சந்தேகமில்லாத பதில் இருக்கிறது: வேண்டாம். பிதுங்கிய ஜவ்வை யாரும் திருகி உள்ளே தள்ள முடியாது. நரம்பு ஏற்கனவே நெருங்கியிருக்கும் கழுத்தைச் சட்டென்று முறுக்கினால் பிதுங்கல் கூடலாம், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். முடி வெட்டும் கடையில் கடைசியில் சடக்கென்று கழுத்தை ஒடிப்பதும் இதில் சேர்த்திதான். தோளிலும் முதுகிலும் இதமாக எண்ணெய் தேய்த்துவிடுவதில் தவறில்லை. கழுத்தைத் திருக விடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவின் சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், இஎஸ்ஐ டாக்டர் தரும் சான்றிதழோடு எடுக்கும் மருத்துவ விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருடத்தில் 91 நாள் வரை. சந்தா கட்டிய நாட்களுக்கு நிபந்தனை உண்டு. ஆபரேஷன் சொன்ன டாக்டரிடம் திரும்பப் போகும்போது எம்ஆர்ஐ சிடியையும் நீங்கள் குறித்த காலண்டரையும் எடுத்துப் போங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: "கையில் பலம் குறைந்திருக்கிறதா, எந்தத் தசையில்?" "ஆறு வாரம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?" அவர் சொல்வதை இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.